நனையாத தட்டு

ஆற்றங்கரை மடத்து அம்மைக்கு நாற்பத்தைந்து வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த அருணகிரிக்கு அறுபத்திரண்டு. முப்பது வருடம் மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். காவி கட்டிய பிறகும் தீர்ப்பு வாசிக்கும் குரல் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

அம்மை இரண்டு நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. மடத்தை அருணகிரியின் பொறுப்பில் விட்டுப் போனார்.

திரும்பி வந்தபோது மதியப் பந்தி அப்போதுதான் முடிந்திருந்தது. அருணகிரி வாசலுக்கே வந்துவிட்டார்.

“நீங்க கிளம்பின அன்னைக்கே ஒரு வழக்கு வந்தது அம்மா. முடிச்சு வெச்சுட்டேன்.”

“சொல்லுங்க ஐயா.”

“பந்தியில உட்கார்ந்திருந்த பூரணத்தம்மாளோட கைத்தடியை எடுத்து மாசிலாமணி ஆட்டை விரட்டியிருக்கான். அது உடைஞ்சு போச்சு. பயந்துபோய் அடுப்புல போட்டு எரிச்சுட்டான். கேட்டா, தெரியாதுன்னு பொய் வேற.”

மாசிலாமணி மடத்துச் சமையல்காரர். பூரணத்தம்மாளுக்குக் கண் தெரியாது. தோப்பின் கோடியில் தனிக் குடிசை. அந்தத் தடியைத் தட்டிக்கொண்டே வேளை தவறாமல் பந்திக்கு வந்துவிடுவார். யாரையும் கைபிடித்து அழைத்துவரச் சொல்ல மாட்டார். அப்படி ஒரு வீம்பு.

“அன்னைக்கு எப்படித் திரும்பிப் போனாங்க?”

“யாரோ கொண்டுபோய் விட்டாங்க அம்மா.”

“தீர்ப்பு?”

“அவனுக்கு ரெண்டு நாள் பட்டினி. பிறர் பொருளைத் தொடக் கூடாதுன்னு பலகையிலயும் எழுதிப் போட்டாச்சு. இனிமே எவனும் தொட மாட்டான்.”

அவர் முகத்தில் பெருமை தெரிந்தது. பாவம், நல்லது செய்துவிட்டதாகத்தான் மனதார நினைத்திருந்தார்.

அம்மை நேராகப் பின்கட்டுக்கு நடந்தார். மடத்தில் ஆளுக்கொரு தட்டு. சாப்பிட்டவர்கள் அவரவர் தட்டைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைப்பது வழக்கம். அம்மை ஒவ்வொரு தட்டாகத் தொட்டுக்கொண்டே போனார். எல்லாம் ஈரமாக இருந்தன. ஒன்று மட்டும் காய்ந்து கிடந்தது.

“இது?”

“மாசிலாமணியோடது.”

கடைசித் தட்டும் காய்ந்திருந்தது. தொட்ட விரலில் தூசி ஒட்டியது.

“இது?”

அருணகிரி குனிந்து பார்த்தார்.

“பூரணத்தம்மாளோடது.”

“இவங்களுக்கு யார் பட்டினி போட்டா?”

“ஐயோ... யாராவது கொண்டுபோய்க் கொடுத்திருப்பாங்கன்னு நினைச்சேன் அம்மா.”

அம்மை கோபப்படவில்லை. “சட்டம் எத்தனை வகை ஐயா?” என்று கேட்டார்.

முப்பது வருடப் பழக்கம். பதில் தானாக வந்தது.

“முக்கியமா ரெண்டு. குற்றவியல், தப்பு செஞ்சவனைத் தண்டிக்கிறது. உரிமையியல், நஷ்டப்பட்டவங்களுக்கு ஈடு செய்யறது.”

“ரெண்டாவதை யார் பார்த்தா?”

“அவங்க மனு எதுவும் கொடுக்கலையே...”

“தடி இல்லாம எப்படி வந்து கொடுப்பாங்க?”

அருணகிரிக்குக் கண் கலங்கிவிட்டது. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அம்மை பூரணத்தம்மாளின் தட்டைத் தன் முந்தானையால் துடைத்தார். மாசிலாமணியின் தட்டையும் அதன்மேல் வைத்து அருணகிரியின் கையில் கொடுத்தார்.

“சோறு எடுத்துக்கிட்டு அவனையும் கூட்டிட்டுப் போங்க. அவங்க வீம்பு பிடிப்பாங்க. பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட வைங்க. புதுத் தடி வர்ற வரைக்கும் அவனே கைபிடிச்சுக் கூட்டிட்டு வரட்டும்.”

நாலடி போன அருணகிரி தயங்கி நின்றார்.

“அவனுக்கு இன்னும் ஒரு வேளை தண்டனை பாக்கி இருக்கே அம்மா?”

“முதல்ல ரெண்டு தட்டும் நனையட்டும் ஐயா. சட்டத்தை அப்புறம் பேசலாம்.”