சேம்பு இலையைக் கடித்த சுண்டு

ஒரு குளக்கரைத் தோட்டத்தில் சிங்காரி என்ற பூனை தன் மூன்று குட்டிகளோடு வாழ்ந்து வந்தாள். தன்னைப் போல் குட்டி வளர்க்கத் தெரிந்தவள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

குளத்தோரம் முழுக்கச் சேம்பு மண்டிக் கிடந்தது. சேம்பு இலை தெரியும்தானே? யானைக் காது மாதிரி அகலமாக இருக்கும். பச்சையாகக் கடித்தால் உயிர் போகாது. ஆனால் நாக்கும் தொண்டையும் அரிக்கிற அரிப்பு இருக்கிறதே, அப்பப்பா, சொல்லி மாளாது. பொடிசுகள் கடித்துவிட்டால் வாய் வீங்கிப் பால்கூடக் குடிக்க முடியாது.

சிங்காரிக்கு இது நன்றாகவே தெரியும். அதனால் பொழுது விடிந்ததும் சேம்பைத் தொடாதே என்பாள். மத்தியானம் ஒரு தடவை சொல்வாள். தூங்கப் போகும்போது இன்னொரு தடவை சொல்வாள். சொல்லச் சொல்லக் குட்டிகளுக்கு அந்த இலை மேலேயே கண் போயிற்று. பிள்ளைகள் என்றால் அப்படித்தான்!

தினமும் காலையில் சிங்காரி மதிலைத் தாண்டி வெளியே போய் வருவாள். அந்த நேரத்துக்குக் காவல் வேண்டுமே என்று ஒரு நாள் வேலி ஓணானிடம் போனாள். குட்டிகளைப் பார்த்துக்கொள்வீர்களா என்று கேட்டாள். ஓணான் தலையை ஆட்டியது. சேம்புப் பக்கம் விடாமல் இருப்பீர்களா என்றாள். அதற்கும் ஆட்டியது. எவ்வளவு பொறுப்பானவர் என்று மெச்சிக்கொண்டே மதிலைத் தாண்டினாள்.

அவள் வால் மறைந்ததும் கடைக்குட்டி சுண்டு வந்து நின்றான். "மாமா, வயித்தைப் பொரட்டுது. இந்த இலையைக் கொஞ்சம் கடிச்சுக்கவா?"

ஓணான் தலையை ஆட்டியது. பாவம், அது எதற்கும் ஆட்டும். அதன் கழுத்து அப்படி.

சிங்காரி திரும்பி வந்தபோது சுண்டு வாயில் எச்சில் ஒழுகக் கிடந்தான். உதடு வீங்கியிருந்தது. முன்னங்காலால் வாயைத் தேய்த்துத் தேய்த்து அழுதான். படித்துப் படித்துச் சொன்னேனே என்று திட்டினாள். மடியில் போட்டுப் பால் கொடுத்துப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உச்சிவேளைக்குள் அழவும் தெம்பில்லாமல் துவண்டு போனான். சிங்காரியின் பெருமையெல்லாம் போன இடம் தெரியவில்லை. பிள்ளை ஒரு வாய் பால் குடித்தால் போதும் என்று கிடந்தாள்.

அப்போது தென்னை மரத்திலிருந்து ஓர் அணில் இறங்கி வந்தாள். அவள் பெயர் கீச்சி. சிங்காரி இரண்டு மாதமாக எந்த அணிலைப் பிடிக்கப் பதுங்கிப் பதுங்கித் திரிந்தாளோ, அதே அணில்தான். தன் குஞ்சுகளை மரத்தில் விட்டுவிட்டு, பூனையின் மூக்குக்கு எதிரே வந்து நின்றாள். என்ன துணிச்சல் பாருங்கள்!

"என்னைத் தின்னணும்னா அப்புறம் தின்னு. முதல்ல பிள்ளையைக் குளத்துக்குத் தூக்கிட்டுப் போ. வாய் நல்லா அலசட்டும்."

சிங்காரி சுண்டுவைக் கவ்விக்கொண்டு படித்துறைக்கு ஓடினாள். தண்ணீரில் வாயை அலசவைத்தாள். தோட்டத்து வீட்டு அடுப்படிப் பக்கம் காக்காய்க்கு வைத்த தயிர்ச்சோறு இருக்கிறது, அந்தத் தயிரை நக்க விடு என்றாள் கீச்சி. அதையும் செய்தாள். குளிர்ந்த தயிர் பட்டதும் எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. சாயங்காலம் சுண்டு தானாகவே ஊர்ந்து வந்து பால் குடித்தான். அப்போதுதான் தாய்க்கு மூச்சே வந்தது.

மூச்சு வந்ததும் கோபமும் வந்தது. இந்தச் சேம்பை வேரோடு பிடுங்கி எறிகிறேன் என்று கிளம்பினாள்.

கீச்சி சிரித்தாள். "இதைப் பிடுங்கினா நாளைக்கு வேற எதையாவது கடிக்கப் போறான். உனக்கு வயித்துல முடி சேர்ந்தா நீ என்ன பண்ணுவே?"

"மதிலுக்கு அந்தாண்டை போய் அருகம்புல் மென்னுட்டு வருவேன்."

"நீ தாண்டிடுவே. உன் பிள்ளைங்க எப்படித் தாண்டும்?"

சிங்காரி தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். தோட்டக்காரர் புல்லையெல்லாம் செதுக்கி எடுத்து ஒரு மாதம் ஆகிறது. உடம்பை நக்கி நக்கி முடி விழுங்கிய குட்டிகளுக்கு, கண்ணில் பட்ட பச்சை சேம்பு ஒன்றுதான். தினமும் தன் வயிற்றைச் சரிசெய்துகொண்டு வந்தவளுக்கு அவர்கள் வயிறு நினைவுக்கே வரவில்லை. மரத்து மேலிருந்த அணிலுக்கு வந்திருக்கிறது. இந்த அறிவை என்னவென்று மெச்சுவது!

மறுநாளே வேலை தொடங்கியது. கீச்சி மதிலுக்கு அந்தாண்டை இருந்த வரப்பிலிருந்து அருகம்புல் கொடிகளை வேரோடு கடித்துக் கொண்டுவந்தாள். சிங்காரி குளத்து ஈரத்தில் பள்ளம் பறித்தாள். பள்ளம் பறித்து மண் போட்டு மூடுவதைப் பூனைக்குக் கற்றுத்தரவா வேண்டும்? தோட்டக்காரரின் மண்வெட்டி எட்டாதபடி, துவைக்கிற கல்லுக்குப் பின்னாலேயே நட்டார்கள். பதினைந்து நாளில் புல் பச்சைப்பசேல் என்று படர்ந்தது. குட்டிகள் மூன்றும் அதில் விழுந்து புரண்டு ஆசை தீர மென்றன. சேம்பை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

தன் பிள்ளைகள் புல் மேய்வதைச் சிங்காரி கண் நிறையப் பார்த்தாள். கீச்சி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு தாவு தாவினால் போதும். பூனைப் புத்தி லேசாகக் கிளம்பி வால் நுனி துடித்தது. உடனே நான்கு காலையும் மடக்கி அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, குட்டிகளைக் கூப்பிட்டாள்.

"இங்க வாங்கடா. இவங்களை இனிமே சித்தின்னு கூப்பிடணும். சித்தியை யாரும் தின்ன மாட்டாங்க."

பிள்ளையைக் கூடாது கூடாது என்று தடுப்பதைவிட, அதற்கு எது வேண்டுமென்று அறிந்து நல்லதைக் கைக்கெட்டும்படி வைப்பதே உண்மையான காவல்.