வாசலைத் தாண்டாமல் விற்ற உப்பு

வரைபடங்களில் பாதி உலகம் இன்னும் வெறும் கடலாக இருந்த முன்னொரு காலத்தில், மாறவேள் என்றொரு அரசன் இருந்தான். அவன் நாட்டில் உப்பு விளைந்தது. அதை உலகமே சுவைக்க வேண்டும் என்று ஒரு காலையில் அவனுக்கு ஆசை வந்தது. மாலைக்குள் வணிக விரிவாக்கச் சபை பிறந்துவிட்டது. தலைவர் கலியநாதர்.

சபையார் தூர நாடுகளுக்குப் போனார்கள், விருந்துண்டார்கள், மாலை மாற்றிக்கொண்டார்கள். திரும்பி வந்து, "உறவு மலர்ந்திருக்கிறது, அரசே" என்றார்கள். பிறகு மண்டபத்தில் உட்கார்ந்து யோசித்தார்கள். உப்பளத்துப் பக்கம் மட்டும் ஒருவரும் போகவில்லை.

மழைக்காலம் நெருங்கியது. உப்பளத்துத் தலைவி மூக்காயி அவைக்கு ஓடி வந்தாள்.

"குவிச்ச உப்பு அப்படியே கெடக்கு சாமி. ஒரு மழை பேஞ்சா எங்க பாடெல்லாம் கரைஞ்சு ஓடிரும்."

"பொறு அம்மா. நாங்கள் தொலைநோக்கோடு செயல்படுகிறோம்" என்றார் கலியநாதர்.

அவை விகடன் தத்தன் எழுந்தான். "அத்தனை நாடு சுற்றிய கண்ணுக்குத் தலைக்கு மேலே இருக்கும் மேகம் தெரியவில்லையா, ஐயா?"

அவை சிரித்தது. கலியநாதர் கொதித்தார். "அரசே! நாங்கள் ஊர் சுற்றுவதாகக் கேலி செய்கிறார். இவர் அரண்மனை வாசலைத் தாண்டாமலே விற்றுக் காட்டட்டும்!"

அரசனுக்கு இது பிடித்துப்போயிற்று. "அப்படியே ஆகட்டும். மழை வருவதற்குள் உப்பை விற்காவிட்டால் உப்பளத்தை மூடிவிடுவேன். தத்தா, நீயும் நாட்டைவிட்டுப் போக வேண்டியதுதான்."

தத்தன் நேராக வாசல் காவலனிடம் போனான். "உப்பு கேட்டு யாராவது வர்றதுண்டா அண்ணே?"

"வராம என்ன? வெளிநாட்டு வியாபாரிங்க தினம் வந்து நிக்கிறாங்க. சபை யோசனையில இருக்கு, வெரட்டிவிடுன்னு தலைவரய்யா உத்தரவு. எல்லாரும் ஊர்க்கோடி சத்திரத்துல சுருண்டு கெடக்காங்க, பாவம்."

தத்தன் தச்சர்களை அழைத்தான். வாசற்காலைக் கதவோடு பெயர்த்து, வண்டியில் நிறுத்திக் கட்டி, யானையைப் பூட்டச் சொன்னான். வாசல் தெருவில் உருண்டு போயிற்று. தத்தனும் மூக்காயியும் அதன் பின்னால் நடந்தார்கள்.

"ஐயோ, வாசல்!" என்று அலறிக்கொண்டு கலியநாதர் ஓடிவந்தார். அரசனும் பின்தொடர்ந்தான்.

"பதறாதீர்கள் ஐயா. நான் இன்னும் அதைத் தாண்டவில்லை. அது எனக்கு முன்னால்தான் போகிறது" என்றான் தத்தன்.

சத்திரத்து முற்றத்தில் வண்டி நின்றது. தத்தன் கதவைத் திறந்து, "உள்ளே வாருங்கள்" என்றான். வியாபாரிகள் முண்டியடித்து நுழைந்தார்கள். மூக்காயி விலை சொன்னாள். அவர்கள் குறைத்துக் கேட்டார்கள். அவள் திட்டினாள். பேரம் முடிந்தது. முதல் தூறலுக்கு முன்பே கடைசி மூட்டையும் கப்பல் ஏறியது.

"நீங்கள் எந்த நாட்டவர்?" என்று சத்திரத்து முற்றத்தில் விடைபெற வந்த ஒரு வியாபாரியை அரசன் கேட்டான்.

"தங்கள் சபையார் அடிக்கடி விருந்துக்கு வரும் நாடுதான், மன்னா. எல்லாம் பேசினார்கள், உப்பைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. அதனால்தான் நாங்களே தேடி வந்தோம்."

அரசன் கிரீடம் நழுவும்வரை சிரித்தான். முத்துமாலையைக் கழற்றித் தத்தன் கழுத்தில் போட்டான். "இந்த வாசல் இனி இங்கேயே இருக்கட்டும். அரண்மனை திறந்தே கிடக்கட்டும்" என்றான்.

கதவில்லாத இடத்திலிருந்து வியாபாரிகளை எப்படி விரட்டுவது என்று ஆராய, கலியநாதர் அன்றே ஒரு துணைச் சபை அமைத்தார்.