தனியாக வாழும் பாசி

“அந்த ரெண்டு பேரையும் அனுப்பிடுங்கம்மா. இல்லைன்னா நான் போறேன்,” என்றாள் கோசலை.

ஆறு கடலில் சேரும் இடத்து மணல்திட்டில், பன்னிரண்டு ஆண்டுகளாகக் குருவோடு இருப்பவள் அவள். போன வாரம்தான் புயலில் வீடிழந்த அக்கா தங்கை இருவர் தோணியில் வந்து இறங்கியிருந்தார்கள். ஒருத்தி குறட்டை விடுகிறாள், மற்றவள் தூக்கத்தில் மீன் விலை பேசுகிறாள் என்று கோசலை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். தனிமை இல்லாமல் தவம் எப்படி வரும்?

குரு அவளைவிடப் பத்து வயது இளையவர். துறவுக்கு முன் பூஞ்சைகளை ஆராய்ந்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர், பூஞ்சை வளர்க்கும் கண்ணாடிக் கிண்ணங்களை மட்டும் விடவில்லை.

“தனியா வாழுற பாசி ஒண்ணு கொண்டுவா. அவங்களை அடுத்த தோணியிலேயே அனுப்பிடறேன்,” என்றார்.

இதென்ன பெரிய காரியம் என்று கோசலை உப்பங்கழியில் இறங்கினாள். பளிச்சென்றிருந்த பச்சைப் பாசியாகப் பார்த்துப் பறித்தாள். பாதியை உப்பங்கழித் தண்ணீர் நிரப்பிய பானையில் போட்டுவைத்தாள். மறுபாதியை, குரு காட்டியபடி ஸ்பிரிட்டில் முக்கி, காய்ச்சி ஆறிய நீரில் ஏழு முறை அலசினாள். நகத்தளவு வெட்டி, கிண்ணத்தில் உறைந்திருந்த கூழின்மேல் வைத்து மூடினாள்.

கடைசியாக அலசிய நீரிலிருந்தும் ஒரு சொட்டை இன்னொரு கிண்ணத்தில் விடச் சொன்னார் குரு; வெளியே ஒட்டியது ஏதும் மிஞ்சியிருந்தால் அதில் முளைத்துவிடும்.

ஆறாம் நாள் காலை. தோணி வரும் நாள்.

பாசித் துண்டின் ஓரங்களிலிருந்து வெண்பஞ்சு கிளம்பியிருந்தது. பக்கத்தில் கறுப்பாக ஒன்று. அதற்கப்பால் பச்சைப் பொடி. மஞ்சளாகவும் சாம்பலாகவும் இன்னும் இரண்டு பூஞ்சை.

“நான் சரியா அலசலை,” என்றாள் கோசலை.

“அலசின தண்ணி என்ன சொல்லுது?” என்று கேட்டார் குரு.

அந்தக் கிண்ணத்தில் எதுவும் முளைக்கவில்லை; துடைத்துவைத்தாற்போல் இருந்தது.

“அப்போ இதெல்லாம் எங்கேயிருந்து வந்துது?”

கோசலை துண்டையே பார்த்தாள். “உள்ளேயிருந்து.”

“எத்தனை குடித்தனம்?”

எண்ணினாள். “அஞ்சு.”

“இருந்த இடம் எவ்வளவு?”

கோசலை தன் சுண்டுவிரல் நகத்தைப் பார்த்தாள்.

உள்ளே இத்தனை பேர் இருந்தால் மிச்சப் பாசி வாடியிருக்கும் என்று பானைக்குள் எட்டிப் பார்த்தாள். பச்சைப்பசேலென்று இருந்தது.

கரையிலிருந்து தோணிக்காரர் குரல் கொடுத்தார். “எத்தனை பேர் ஏறுறீங்க?”

அக்காவும் தங்கையும் மூட்டையோடு வாசலில் நின்றிருந்தார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்லியிருக்கவில்லை.



கோசலை அக்காவின் கையிலிருந்த மூட்டையை வாங்கி உள்ளே வைத்தாள். பிறகு கரையைப் பார்த்துச் சொன்னாள்:

“யாரும் ஏறலை. அடுத்த தடவை ரெண்டு பாய் வாங்கிட்டு வாங்க. என் காதுக்குக் கொஞ்சம் பஞ்சும்.”