கயித்தை விடுங்க

கண்ணை மூடு நித்திலா. நாள் பூரா நின்னு நின்னு அத்தைக்குக் காலு கடுக்குது. ஒரே ஒரு கதைதான். நடுவுல "ம்" சொல்லணும், சொல்லலைன்னா நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு, பேரு அஞ்சுகம். உன் வயசுதான். அவ அப்பா செத்துப்போன அன்னிக்கு வாயை மூடினவதான், அப்புறம் ஒரு வார்த்தை பேசலை. இனி பேசவே மாட்டாளோன்னு அவ அம்மா அழுதுக்கிட்டே இருந்தா. ம் சொல்லுடி!

"ம்."

அப்புறம் மனசுக்கு வைத்தியம் பாக்குற டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அம்மா மட்டும் போனா போதாதா? சித்தப்பா, மாமா, பெரியம்மான்னு ஒரு வேன் நிறைய! "உன் பேரு என்னம்மா?"ன்னாங்க டாக்டரம்மா. "அஞ்சுகம்!"னு அத்தனை பேரும் கத்துனாங்க. "உனக்கு என்ன பிடிக்கும்?" "பூரி!" டாக்டரம்மாவுக்குத் தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

அப்போ டாக்டரம்மா தான் வளக்குற நாய் லட்டுவை உள்ள விட்டாங்க. அது குடுகுடுன்னு ஓடி வந்து அஞ்சுகம் மடியில தலையை வச்சுது. அவ கை மெதுவா அது காதுகிட்ட போச்சு. சும்மா இருக்கக் கூடாதா? "லட்டு, மாமாவுக்குக் கை குடு! இந்தா பிஸ்கட்டு!"ன்னு மாமா. லொள் லொள்ளுன்னு அது அங்க ஓடிருச்சு. என்ன ஜென்மங்களோ! தூங்கிட்டியா? ம்?

"ம்ம்..."

அப்புறம் டாக்டரம்மா எல்லாரையும் பின்னால வேலி போட்ட இடத்துக்கு, அவங்க குதிரைகிட்ட கூட்டிட்டுப் போனாங்க. பேருதான் சிட்டு, ஆளு இத்தாம் பெருசு. டாக்டரம்மா கயித்தை அஞ்சுகம் கையில குடுத்தாங்க. உடனே சித்தப்பா ஒரு பிடி, மாமா ஒரு பிடி, பெரியம்மா ஒரு பிடி! ஆளாளுக்குப் "போ", "நில்லு", "இந்தப் பக்கம்"! பாவம், அது புர்ர்ர்னு மூச்சை விட்டுட்டு அசையவே இல்லை.

"எல்லாரும் கயித்தை விடுங்க! வேலிக்கு அந்தப் பக்கம் போங்க!" டாக்டரம்மாவுக்குப் பொறுமை போயிருச்சு.

போனாங்க. டக்... டக்... டக்... அஞ்சுகமும் சிட்டுவும் நடந்தாங்க. டாக்டரம்மா கொஞ்சம் பின்னால தள்ளி வந்தாங்க. அப்போ வழியில லட்டு நல்லாத் தூங்கிக்கிட்டிருந்துச்சு, குதிரைக் காலுக்கு நேரா! அஞ்சுகத்துக்குப் பதிலா சொல்றதுக்குப் பக்கத்துல ஒருத்தரும் இல்லை.

"நில்லு சிட்டு!"

குரல் கரகரன்னுதான் வந்துச்சு. குதிரை நின்னுருச்சு.

"பேசிட்டா! பேசிட்டா!" வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே கூச்சல். சிட்டு மிரண்டு காதை விடைச்சுது. அஞ்சுகம் திரும்பிப் பாத்தா. "கொஞ்சம் சும்மா இருங்களேன்! அது பயப்படுது."

எல்லாரும் கப்சிப். அவ அம்மா மட்டும் முந்தானையை வாயில வச்சுக்கிட்டு, சத்தம் வராம, சந்தோஷத்துல அழுதா.

ம் சொல்லு. ஏய் நித்திலா? ம்?

சரி, வேணாம் விடு. நானும் கயித்தை விட்டுட்டேன். கதையும் குதிரையோட லாயத்துக்குப் போயிருச்சு, நீ தூங்கு.