நல்ல கேஸ்

குரு, சீடன் என்றெல்லாம் எங்கள் மருத்துவக் கல்லூரியில் யாரும் பேசுவதில்லை. மேடம், ஸ்டூடண்ட். அவ்வளவுதான். ஆனாலும் நவநீதன் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கும் எஸ்தர் மேடம் சொன்ன பதிலுக்கும் வேறு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் கூடவே நின்றேன், அதனால் சொல்கிறேன்.

நவநீதன் எங்கள் வகுப்பில் முதல் மார்க். இறுதி ஆண்டு. கெட்டிக்காரன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும்.

வார்டு ரவுண்ட்ஸ் முடிந்து எஸ்தர் மேடம் அப்போதுதான் டீயைக் கையில் எடுத்திருந்தார். நவநீதன் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தான். பின்னாலேயே நான்.

"மேடம், என்னால ஆகாது. ஆளை விடுங்க."

"என்னாச்சு?"

"சுடலைமுத்து சம்சாரம் மூட்டையக் கட்டிட்டாங்க. ஆபரேஷன் வேண்டாமாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்."

மேடம் டீயைக் கீழே வைத்தார்.

சுடலைமுத்து லாரி செட்டில் மூட்டை தூக்குகிறவர். பிறந்ததும் தானாக மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ரத்தக்குழாய் இதயத்துக்குப் பக்கத்தில் உண்டு. அவருக்கு அது மூடவே இல்லை. முப்பது வயதுக்கு மேல் மூச்சு வாங்க ஆரம்பித்து, காலும் வீங்கித்தான் இங்கே வந்தார். வியாழக்கிழமை ஆபரேஷன். தள்ளிப்போட்டால் நுரையீரல் கெட்டுப்போய், பிறகு ஆபரேஷனே செய்ய முடியாத நிலைமைக்குப் போய்விடுவார். அதற்கப்புறம் நாளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"அவங்ககிட்ட எடுத்துச் சொன்னியா?"

"தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னேன் மேடம்."

"என்ன சொன்ன?"

"டக்டஸ் பேடண்டா இருக்கு, பெரிய ஷண்ட், க்ளோஷர் பண்ணலேன்னா ரிவர்ஸ் ஆயிடும்னு."

"அவங்க?"

"நல்லா தலையை ஆட்டினாங்க மேடம். ஆட்டிட்டுப் போய் மூட்டையக் கட்டுறாங்க!" என் பக்கம் திரும்பினான். "நீயே சொல்லு, ஆட்டினாங்களா இல்லையா?"

ஆட்டினார்தான். அவன் பேசிய வேகத்துக்கு நானே ஆட்டியிருப்பேன்.

நவநீதன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். "அஞ்சு வருஷமா ராத்திரி பகல் பார்க்காம படிக்கிறோம். ஒரு உயிரைக் காப்பாத்தலாம்னா விட மாட்டேங்கறாங்க. இந்த ஜனங்களுக்கு எப்படித்தான் மேடம் புரிய வைக்கிறது?"

மேடம் எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"ஸ்டெத் வச்சிருக்கியா?"

"இருக்கு மேடம்."

"எடுத்துட்டு வா."

வார்டில் சுடலைமுத்துவின் கட்டில் தெரியவே இல்லை. அத்தனை பேர் சுற்றி நின்றார்கள். எங்கள் ஜூனியர்கள். நடுவில் அவர் சட்டையில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருத்தி அவருடைய இடது காறை எலும்புக்குக் கீழே ஸ்டெத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கோயிலில்கூட அவ்வளவு பக்தியாக அவளை நான் பார்த்ததில்லை. அடுத்தவன் தன் முறைக்குக் காத்திருந்தான்.

அவன்தான் நவநீதனைப் பார்த்துவிட்டுக் கட்டை விரலைத் தூக்கினான். "அண்ணே, செம கேஸ்ணே! ரொம்ப தேங்க்ஸ்ணே!"

கட்டிலுக்கு அந்தப் பக்கம், கட்டிய மூட்டையோடு நின்ற முப்பிடாதியின் முகம் மலர்ந்தது. சுடலைமுத்துவின் மனைவி.

"வாங்க டாக்டரம்மா. நாங்க கெளம்புதோம். உங்க புண்ணியத்துல எல்லாம் சொகமாயிட்டு."

"சொகமாயிட்டுன்னு யாரும்மா சொன்னது?" என்றார் மேடம்.

"இந்தப் பிள்ளையதான். இப்பக்கூட அந்தத் தம்பி சொன்னாவளே, கேக்கலையா?"

நவநீதன் என்னைப் பார்த்தான். எனக்கு விஷயம் அப்போதே லேசாகப் புரிய ஆரம்பித்தது.

முப்பிடாதி சொல்லிக்கொண்டே போனார். "வந்த அன்னைக்கு இவிய எல்லாம் வந்து, கேஸ் எடுக்க வந்திருக்கோம்னு நின்னாவ. எனக்குப் பகீர்னு ஆயிட்டு. எங்க வீட்டு ஆளு ஒரு வம்பு தும்புக்கும் போக மாட்டாவளே, எந்தப் பாவி கேஸ் குடுத்தான்னு கேட்டேன். நர்ஸம்மா சிரிச்சிட்டு, இங்க சீக்காளியத்தான் கேஸும்பாவன்னு சொன்னாவ. சரின்னு விட்டேன். அதுலேர்ந்து வாற பிள்ள எல்லாம் நல்ல கேஸு, நல்ல கேஸுன்னு சிரிச்ச முகமாப் போகுது. மோசமான சீக்குன்னா அப்படிச் சிரிப்பாவளா? சொல்லுங்க."

கண்ணை மூடியிருந்தவள் ஸ்டெத்தை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"இந்தத் தம்பிதான் முதமுதல்ல சொன்னது." நவநீதனைக் காட்டினார். "ஒவ்வொருத்தரையாக் கூட்டியாந்து, இந்த மாதிரி நல்ல கேஸு நமக்குக் கெடைக்கவே கெடைக்காதுடான்னு சொன்னாவ. அதுக்கப்புறம் இங்கிலீசுல என்னமோ சொன்னாவ. எனக்கு வெளங்கல. படிச்ச பிள்ளை நல்லதுதான் சொல்லும்னு தலைய ஆட்டுனேன்."

"ஐயோ!" நவநீதன் தலையில் கை வைத்தான். "அது அந்த நல்லது இல்லம்மா!"

"பின்ன எந்த நல்லது தம்பி?"

அவன் மேடத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லுப்பா, கேக்கிறாங்கல்ல?" என்றார் மேடம்.

"அதாவது... சத்தம் நல்லாக் கேக்குதுன்னு. எல்லாம் புத்தகத்துல இருக்கிற மாதிரியே இருக்கு. படிக்கிறதுக்கு நல்ல..."

"போதும்பா சாமி!"

மேடத்துக்கு அத்தனை எரிச்சல் வந்து நான் பார்த்ததில்லை.

சுடலைமுத்து அப்போதுதான் வாயைத் திறந்தார். "சட்டையப் போட்டுக்கிடவா டாக்டரம்மா? குளிருது."

"ஒரு நிமிஷம் பொறுத்துக்குங்க. இதான் கடைசி."

நவநீதன் கழுத்திலிருந்த ஸ்டெத்தை வாங்கி, மேடம் முப்பிடாதியின் காதில் மாட்டினார். அவர் மிரண்டுபோய், "ஏ, எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்று பின்வாங்கினார்.

"உங்களுக்குக் காது கேக்கும்ல? அது போதும். முதல்ல இந்தத் தம்பி நெஞ்சைக் கேளுங்க. நவநீதா, சட்டை பட்டனைக் கழட்டு."

"மேடம், இத்தனை பேர் இருக்காங்க."

சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்த சுடலைமுத்துவை மேடம் பார்த்தார். பிறகு இவனைப் பார்த்தார்.

நவநீதன் பட்டனைக் கழற்றினான்.

முப்பிடாதி கேட்டார். "லொட்டு லொட்டுன்னு கேக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நடுவுல வேற சத்தம் ஒண்ணும் இல்ல."

"இப்ப இவரைக் கேளுங்க."

மேடமே ஸ்டெத்தின் வட்டத்தை சுடலைமுத்துவின் காறை எலும்புக்குக் கீழே வைத்து அழுத்திப் பிடித்தார்.

முப்பிடாதியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. குனிந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டார். திரும்ப நவநீதன் நெஞ்சில் தானாகவே வைத்துப் பார்த்தார். மறுபடி புருஷன் நெஞ்சுக்கு வந்தார்.

"என்னது இது? மாவு மில்லு ஓடுத மாதிரில்லா கேக்கு. விடாம ஓடுதே! நிக்கவே மாட்டங்கே!"

"பொறந்தப்பவே மூடியிருக்க வேண்டிய குழாய்மா. மூடலை. போக வேண்டிய ரத்தம் அதுல பூந்து தப்பான பக்கம் பாயுது, அந்தச் சத்தம்தான் இது. வியாழக்கிழமை அதை மூடிட்டா சரியாப் போயிரும். இப்ப கூட்டிட்டுப் போனீங்கன்னா, அப்புறம் நீங்களே தூக்கிட்டு வந்தாலும் எங்களால மூட முடியாது."

"மூட முடியாதுன்னா?"

"ஆளு தங்க மாட்டார்மா."

சுடலைமுத்து மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சில் ஓடுவது என்னவென்று அவருக்கு அந்த முகத்தில்தான் தெரிந்தது. பாவம், அதுவரை அத்தனை பேர் கேட்டார்கள், ஒருத்தராவது அவரிடம் சொன்னோமா?

முப்பிடாதி ஸ்டெத்தைக் காதிலிருந்து பிடுங்கி நவநீதன் கையில் திணித்தார்.

"இந்தச் சத்தத்தக் கேட்டுட்டா தம்பி இம்புட்டுப் பேரும் சிரிச்சிய?"

நவநீதன் தரையைப் பார்த்தான்.

"மனுசன் சாகக் கெடக்காவ. நல்ல கேஸாம்ல, நல்ல கேஸு! எனக்கு வாயில நல்லா வருது, பாத்துக்கிடுங்க. படிக்கிற பிள்ளையளாச்சேன்னு பேசாம இருக்கேன்."

மூட்டையை அவிழ்த்தார். சட்டையை எடுத்து உதறிப் புருஷனுக்குப் போட்டுவிட்டு, கழுத்துப் பட்டன் வரைக்கும் மாட்டினார். ஒரு பட்டன் இரண்டு தடவை நழுவியது.

"வியாழக்கெழமை பண்ணுங்க டாக்டரம்மா. எங்க கையெழுத்துப் போடணுமோ போடுதேன். ஆனா இனி ஒரு பிள்ள இவிய நெஞ்சுல கொழல வைக்கக் கூடாது. வச்சா நான் மனுசியா இருக்க மாட்டேன்."

"வைக்க மாட்டாங்கம்மா," என்றார் மேடம்.

ஜூனியர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். கட்டை விரலைத் தூக்கியவனைத் திரும்பிப் பார்ப்பதற்குள் காணோம்.

நாங்கள் மூன்று பேரும் வராந்தாவில் நடந்தோம். நவநீதன் பட்டனைப் போட்டுக்கொண்டே வந்தான். கோபம் போகவில்லை. யார் மேல் என்றுதான் அவனுக்கே தெரியவில்லை.

"நான் வேணும்னு சொல்லலை மேடம்."

"தெரியும்."

"எல்லாரும்தான் சொல்றாங்க. போன வாரம் ரவுண்ட்ஸ்ல நீங்களே சொன்னீங்க, பாடம் நடத்துறதுக்கு நல்ல கேஸ்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவனுக்கு நாக்கில் சனி.

மேடம் நின்றார்.

"ஆமா," என்றார். "சொன்னேன். அந்தம்மாவும் பக்கத்துலதான் நின்னாங்க."

அதற்கப்புறம் அவன் குரல் இறங்கிவிட்டது. ஆனால் அவன் கவலை அவனுக்கு.

"எக்ஸாம் வருது மேடம். இந்தச் சத்தத்தைப் பத்துத் தடவையாவது கேட்டாத்தான் மனசுல நிக்கும். இனிமே கிட்டயே விட மாட்டாங்க. நாங்க எப்படித்தான் படிக்கிறது?"

"ஆபரேஷன் முடியட்டும். தையல் ஆறினதும் நானே அந்தம்மாகிட்டப் பேசுறேன். நீ போய்க் கேளு."

"மேடம்!" அவன் அழாக்குறையாகச் சொன்னான். "மூடிட்டா சத்தமே போயிருமே! அப்புறம் கேக்கிறதுக்கு அங்க என்ன இருக்கும்?"

"ஒண்ணுமே இருக்காதுப்பா," என்றார் எஸ்தர் மேடம். "அதுக்குத்தானே நம்மளை எல்லாம் இங்க வச்சிருக்காங்க."