சக்கரத்தடி எலுமிச்சம்பழம்

“இந்த வண்டிய எடுத்துச் செய்யலாமுங்களா, வேண்டாமுங்களா மேஸ்திரி? இன்னைக்கு ஒரு முடிவு சொல்லீருங்க.”

சென்னியப்பன் இதைக் கேட்பது முதல் தடவை அல்ல. ஒரு வருஷமாக மேஸ்திரி மயிலாத்தாளின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

பழைய கார்களைப் பிரித்து மறுபடி ஓட வைப்பதில் மயிலாத்தாளை மிஞ்சக் கோயமுத்தூரில் ஆள் கிடையாது. சீடர் சென்னியப்பனுக்குத்தான் வயது பத்து அதிகம். ஆனாலும் பட்டறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார். மேஸ்திரியும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

கார் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில் குடோனில் கிடந்தது. சுதந்திரத்துக்கு முந்தையது. அந்த மாடலில் நாட்டில் இதைத் தவிர இன்னும் ஒன்றுதான் மிச்சம் என்றார்கள். குடோனை இடிக்கப்போகிறார்கள். வேண்டுமென்றால் சென்னியப்பன் எடுத்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் அன்று மாலை காயலாங்கடை லாரி வரும் என்று மில்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

“வண்டியப் பத்தி என்ன தெரியுமுங்கண்ணா?”

“தரை பூரா ஓட்டைங்க. இன்ஜின் ஜாம். கதவுல காந்தம் நிக்கவே மாட்டீங்குது, தகடே இல்லாம அத்தனையும் பட்டி பூசி அடைச்சது. சேஸிஸ் மட்டும் கல்லாட்டம் இருக்குதுங்க.”

“அப்புறம்?”

“பழைய வண்டி பாக்கற மதுரைக்காரர் தாராளமாச் செய்யலாங்கறார். பெங்களூர்க்காரர் கிட்டவே போகாதீங்கன்னுட்டார். ஊட்டுல வாயே தொறக்க மாட்டீங்கறா.”

“எல்லாந்தான் தெரிஞ்சிருக்குதே. இன்னும் என்னத்தத் தெரியோணும்?”

சென்னியப்பன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின.

“போகப் போக இது கூடுமின்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. இந்தக் கைக்கு இன்னும் ஒரே ஒரு வண்டிதான் மிச்சம். அதையும் தப்பா எடுத்துட்டன்னா?”



மேஸ்திரி எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். “ஏறுங்க.”

வழியில் ஒரு கடையில் நிறுத்தி எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வாங்கினார்.

குடோனில் கார் தூசிக்குள் உட்கார்ந்திருந்தது. மேஸ்திரி அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“பூஜை போட்டறலாமுங்கண்ணா.”

“ஓடாத வண்டிக்குங்களா?”

“ஓடற வண்டி அதுபாட்டுக்கு ஓடுது. அதுக்கெதுக்குப் பூஜை?”

எங்கள் பக்கத்தில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்காமல் எந்தப் புது வண்டியும் தெருவில் இறங்காது. விமானம் வாங்கினாலும் பழத்தோடுதான் போய் நிற்போம்.

மேஸ்திரி நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் பழம் வைத்தார். கற்பூரம் காட்டினார்.

“நசுக்குங்க.”

சென்னியப்பன் தள்ளினார். கார் அசையவில்லை. முதுகைக் கொடுத்து முட்டினார். அப்போதும் அசையவில்லை.

“முன்னாடி இடது வீல் புடிச்சுக்கிச்சுங்க.”

“அப்படீங்களா?” என்ற மேஸ்திரி ஒரு காலி டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

குடோன் மூலையில் ஜாக்கியும் ஸ்பானர்களும் மண்ணெண்ணெய்க் கேனும் டார்ச்சும் கிடந்தன. ஒரு வருஷமாகச் சென்னியப்பன் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்தவைதான். ஒன்றைக்கூட அவர் அதுவரை தொட்டதில்லை.

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே பிரேக் டிரம் துருவேறி ஒட்டிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினார். தட்டினார். ஸ்பானர் வழுக்கி விரல் முட்டியில் தோல் பெயர்ந்தது. கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டு மறுபடியும் தட்டினார்.

“கை நடுங்குதுங்களாண்ணா?”

“நடுங்குதுங்க. அந்த மண்ணெண்ணெய இப்பிடித் தள்ளுங்க.”

நடுங்கும் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அவர் பாட்டுக்கு வேலை செய்தார்.

வெயில் இறங்கும் நேரத்தில் லாரி வந்தது. டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தான்.

“ஏனுங்க, இந்த வண்டிதானுங்களே காயலாங்கடைக்கு?”

“தம்பி, அந்த டார்ச்சக் கொஞ்சம் புடி,” என்றார் சென்னியப்பன், தலையைத் தூக்காமல்.

டிரைவர் மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அவன் டார்ச்சைப் பிடித்தான்.

கொஞ்ச நேரத்தில் டிரம் முனகியது. பிறகு சுற்றியது.

சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கி, மூன்று பேரும் சேர்ந்து தள்ளினார்கள். கார் ஒரு சாண் நகர்ந்தது. நான்கு பழமும் நசுங்கின.

சென்னியப்பன் கண்ணைத் துடைத்தார். முகமெல்லாம் கிரீஸ் ஆனது.

“காலையில என்னமோ கேட்டீங்களே அண்ணா,” என்றார் மேஸ்திரி.

“நானுங்களா?”

டிரைவர் பொறுமை இழந்தான். “அட, இப்ப வண்டிய ஏத்தறதுங்களா, வேண்டாமுங்களா?”

“ஏத்து தம்பி,” என்றார் சென்னியப்பன். “எங்கூட்டுக்கு.”