கண்டக்டரும் காசித்தும்பையும்

தென்காசிப் பக்கம் ஒரு மடம். மடம் என்றால் ஓர் ஓட்டு வீடும் பின்னால் ஒரு கொல்லையும். அவ்வளவுதான். குரு உலகம்மை. சீடர்களில் ஒருவர் கோமதிநாயகம். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்டை மட்டும் ஓய்வு பெறவில்லை.

ஒரு நாள் அவர் குருவின் முன் வந்து நின்றார். சாகும்வரை மௌன விரதம் வேண்டும் என்றார்.

"ஏன்?"

முந்தின நாள் நடந்ததைச் சொன்னார். மகள் செல்வி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு புருஷனோடு வந்திருந்தாள். பேத்திக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவது வழக்கம். செல்விக்கு உடன்பிறந்தவன் இல்லை. தன் அப்பா மடியில் வைத்துக் குத்தலாம் என்று கேட்கத்தான் வந்தாள். மாப்பிள்ளை சும்மா இருந்திருக்கலாம். அன்றைக்கு ஒரு நாளாவது சத்தம் போடாமல் இருங்கள் மாமா என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். என் மடி என்ன உன் வீட்டு நாற்காலியா என்று இவர் கத்திய கத்தலில் குழந்தை வீரிட்டது. செல்வி குழந்தையை அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

"வெள்ளிக்கிழமை விசேஷம். நான் போகப் போறதில்லை. போனா அங்கேயும் வெடிப்பேன். என் வாயைக் கட்டிடுங்கம்மா."

உலகம்மை கொல்லையைக் காட்டினார்.

சாரல் காலம். கொல்லை முழுக்கக் காசித்தும்பை. சிவப்பு, வெள்ளை, ரோஸ், ஊதா. ஒரே இதழில் இரண்டு நிறம்கூட உண்டு. யாரும் பாத்தி கட்டி நட்டதில்லை. பூக்களுக்குக் கீழே குண்டுக் காய்கள் தொங்கின.

"முத்தின காய் ஒண்ணு கொண்டாங்க. வெடிக்காம."

போனார். தொட்டார், வெடித்தது. மெல்லத் தொட்டார், வெடித்தது. ஒன்று கை பக்கத்தில் போகும்போதே வெடித்தது. செடியைத் திட்டினார். குரு காதில் வாங்கவில்லை.

கடைசியில் நூல்கண்டு எடுத்து வந்தார். வெடிக்காமல் மிச்சமிருந்த காய்களில் சிலவற்றைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டினார். இனி எப்படி வெடிக்கிறது பார்க்கிறேன் என்றார். இருக்கட்டும் என்றார் குரு.

நாலு நாள் சாரலுக்குப் பிறகு, வியாழக்கிழமை காலையில் அவரைக் கொல்லைக்குக் கூப்பிட்டார் உலகம்மை. கட்டிய காய் ஒன்றைப் பறித்து நூலைப் பிரித்தார். ஈரம் இறங்கி உள்ளே கொழகொழவென்று அழுகியிருந்தது.

"வெடிக்கலை கண்டக்டரே. முளைக்குமா?"

"முளைக்காது."

பக்கத்தில் கட்டாத காய் ஒன்றை விரலால் தட்டினார் குரு. கோமதிநாயகத்தின் சட்டையெல்லாம் தெறித்தது.

"இது?"

"வெடிச்சிருச்சு."

"எனக்கும் கண் இருக்கு. என்ன விழுந்தது?"

"விதை."

"அன்னைக்கு மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொன்னார். உங்ககிட்டேயிருந்து என்ன விழுந்தது?"

"கத்தல்."

"உள்ளே இருந்தது அதுதானா?"

கோமதிநாயகம் செடியைப் பார்த்தபடியே பேசினார். அவர் குரல்தானா என்று சந்தேகம் வரும், அவ்வளவு மெல்ல.

"இல்லம்மா. பேத்தி பிறந்த நாள்லேருந்து அவளை மடியில வச்சுக்கணும்னு கிடந்தேன். யாரும் கூப்பிடலை. கூப்பிட வந்தப்ப என்ன பேசுறதுன்னு தெரியலை."

உலகம்மை கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"நாளைக்கு முதல் பஸ்ல போங்க."

"மாப்பிள்ளை மறுபடி ஏதாவது சொன்னா? வெடிச்சிருவேனேம்மா."

"வெடிங்க. இப்ப என்கிட்ட முணுமுணுத்தீங்களே, அதைக் கத்துங்க."